இரண்டாயிரம் வருஷத்துத் தேனீ முறை

மகள் பிறந்த அந்த நிமிடத்தில் சுதர்ஷன் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் நின்று, சுடுதண்ணீர்ப் போத்தல் சிவப்பா பச்சையா என்று தனக்குள் ஒரு மாநாடு நடத்திக்கொண்டிருந்தான். சிவப்பு வென்ற நேரத்தில் போன் அடித்தது. மாமியார் கிருஷ்ணம்மா.

"மாப்புள, பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சுகம். எங்க நிக்கிறீங்க?"

"போத்தல் வாங்குறேன் அத்தை."

ஒருவன் அப்பாவானதும் சொல்லும் முதல் வசனம் இப்படி அமைந்திருக்க வேண்டாம். கடைக்காரருக்கே பாவமாகப் போய்விட்டது. மிச்சக் காசோடு ஒரு டொபியும் வைத்துக் கொடுத்தார்.

சுதர்ஷன் வேறு மாதிரித்தான் திட்டம் போட்டிருந்தான். பிரசவ அறைக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். உள்ளிருந்து ஓர் அழுகை கேட்க வேண்டும். கதவு திறந்து நர்ஸ் ஒரு பொட்டலத்தை நீட்ட, அவன் இரண்டு கையாலும் ஏந்தி, இடது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும். முப்பத்தாறு வயது வரைக்கும் அப்பாமாரைப் பற்றி அவன் படித்ததெல்லாம் சினிமாவில் அந்தக் கதவுக்கு வெளியே நடந்ததுதான். அதற்குப் பிறகு படம் பாட்டுக்குப் போய்விடும். பாட்டு முடியும்போது பிள்ளை புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகும். வீட்டில் பார்த்துப் படிக்கவும் வழியில்லை. அவனுடைய சொந்த அப்பா குவைத்தில் இருந்தவர். மகனை முதன்முதலாகப் பார்த்தபோது மகனுக்கு ஒன்றரை வயது. மகன் அவரைக் கண்டதும் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டானாம்.

பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் சிவப்புப் போத்தலோடு உள்ளே போனான். சுபாஷினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி வெளிறிப்போயிருந்தது. அவள் பக்கத்தில், துணிக்குள், அது.

"புடிங்க," என்றாள்.

பிடித்தான். பிடித்துக்கொண்டு காத்திருந்தான். தம்புள்ளைக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று. நெஞ்சுக்குள் ஏதோ உடைந்து வெள்ளமாகப் பாயும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் உடையவில்லை. வந்தது பயம் மட்டும். பயத்துக்குப் பின்னால் ஒரு திகைப்பு. அந்த விரல்களின் நுனியில் நகம் இருந்தது! அரிசிக் குறுணையை விடச் சிறிய நகம், அதற்குள் இளஞ்சிவப்பு, அதன் அடியில் ஒரு வெள்ளைப் பிறை. ஒன்பது மாதம் இருட்டுக்குள் யாருடைய கண்ணிலும் படாமல் யார் உட்கார்ந்து இவ்வளவு துல்லியமாக இதைச் செய்தது? திகைத்தான். ஆனால் திகைப்பு வேறு, பாசம் வேறு அல்லவா? சிகிரியாக் குன்றைப் பார்த்தாலும்தான் திகைப்பு வருகிறது. அதற்காக யாரும் அதற்குச் சட்டை தைத்துப் போடுவதில்லை.

சுபாஷினி தன் முகத்தையே பார்க்கிறாள் என்று தெரிந்ததும், கைவசம் இருந்த முகம் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். கண் விரிந்து, புருவம் உருகி, தலை ஒரு பக்கம் சாய்ந்த முகம். அது தொழில் முகம். அலுவிகாரைக்கு அப்பால் ஏ-ஒன்பது வீதியோரத்தில் இருக்கும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் சுதர்ஷன் கைட். ஏலம், கறுவா, சாதிக்காய், வனிலா என்று மரம் மரமாக வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போய், நாற்பது நிமிடம் பேசி, கடைசியில் எண்ணெய்ப் போத்தல் விற்கும் அறைக்குள் பக்குவமாக இறக்கிவிடுவான். சொல்வதில் முக்கால்வாசி உண்மை, கால்வாசி விற்பனை. 'ஊரில் என் அம்மாவுக்கு முழங்கால் வலி' என்று யாராவது சொன்னால் போடுகிற முகம்தான் இப்போது மகளுக்கு முன்னால் போட்டது.

சுபாஷினி அந்த முகத்தை ஆறு வருடமாகப் பார்க்கிறவள். கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவள் அப்படி வாங்கின விதம் அவனை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனான். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. உக்குவளையிலிருந்து மாமியாரும் மாமனாரும் வந்து தங்கிவிட்டார்கள். இரண்டு அறை வீட்டில் அவன்தான் மிச்சப் பொருள். கராம்பு மரத்தடியில் மக்கீன் நின்றான். அதே தோட்டத்துக் கைட், மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

"என்ன மச்சான், புள்ள பொறந்தா வாப்பாமாரோட மொகத்துல ஒரு வெளிச்சம் வரும்னு செல்லுவாங்க. உன்ட மொகம் கரண்ட் போன மாதிரி ஈக்கு."

சுதர்ஷன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மக்கீன், எனக்கு ஒண்ணும் வரல்லடா."

"என்ன வரல்ல?"

"அதான். பாசம். தூக்கினேன். வெயிட்டா இருந்துச்சு, சூடா இருந்துச்சு. அவ்வளவுதான். யாரோட புள்ளையோ தவறிக் கையில குடுத்துட்ட மாதிரி நிக்கிறேன். சுபாவுக்குத் தெரிஞ்சு போச்சு."

மக்கீன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். மக்கீன் சிரிக்கவில்லை. ஒரு கராம்பு மொட்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"என்ட மூத்தவள் ஜஸ்லா பொறந்தப்ப, காதுல பாங்கு செல்லச் சொல்லி என்ட கையில தந்தாங்க. பாங்கு செல்லிக்கிட்டு ஈக்கும்போதே வாப்பாவுக்குப் புள்ள மேல பாசம் தானா ஏறும்னு எங்க சாச்சா, வாப்பாட தம்பி, சின்னதுலயே செல்லித் தந்திருந்தார். நானும் சொன்னேன். எனக்கு ஏறினது வேர்வை மட்டும்தான். எங்கயாச்சும் ஒரு வரிய விட்டுட்டேனோன்னு மூணு நாளாப் பயம்."

"பிறகு எப்பதான் வந்துச்சு?"

"ரெண்டு மாசத்து ஊசி போடக் கொண்டு போனோம். நர்ஸ் மிஸ் ஊசியக் குத்தினா. இவ கத்தினா பாரு ஒரு கத்து! நான் அந்த மிஸ்ஸோட சண்டைக்குப் போயிட்டேன் மச்சான். ரெண்டு பேர் என்னப் பிடிச்சி வெளிய கூட்டிட்டுப் போனாங்க. அன்னைக்குத்தான் விளங்கிச்சு."

சுதர்ஷனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அப்ப உங்க சாச்சாவுக்கு எப்படித் தெரியும், அந்த நேரத்துலயே ஏறும்னு?"

"அதான் எனக்கும் தெரியல்ல," என்றான் மக்கீன். "அவருக்குப் புள்ளகளே இல்ல."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமனார் ராமநாதன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் கேட் மூடித் திறக்கும் கேட்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வார்த்தை அவருக்குத் தாராளம். வந்த நாளிலிருந்து பிள்ளை இருக்கும் அறைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. முப்பதாம் நாள் தீட்டுக் கழியும் வரை ஆண்கள் பச்சைப் பிள்ளையைத் தொடக்கூடாது, ஆம்பளைக் கைச்சூடு பிள்ளைக்கு ஆகாது என்பது அவர் தாயார் போட்ட சட்டம். தாயார் போய் இருபது வருடமாகிறது. சட்டம் அப்படியே இருக்கிறது. தன் சொந்த மகளையே முப்பத்தோராம் நாள்தான் தூக்கினாராம்.

உள்ளே கிருஷ்ணம்மா போனோடு காத்திருந்தார்.

"மாப்புள, இங்க வாங்க. உங்களுக்குன்னே வந்த மாதிரி ஒரு வீடியோ. உக்குவளை துஷாந்தினி அனுப்பினா. நானே நாலு தடவ பாத்துட்டேன்."

கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சுபாஷினி நிமிரவில்லை. ஆனால் காது இங்கேதான் இருந்தது.

திரையில் தாடி வைத்த ஒரு முனிவரின் படம். பின்னால் புல்லாங்குழல். கம்பீரமான ஒரு குரல்: 'அப்பாக்களே! குழந்தை தன் தந்தையை அடையாளம் காண இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சித்தர்கள் வகுத்த இரகசியம்! தந்தை மேலாடையைக் களைந்து, நெஞ்சின் இடப்பக்கம் சாதிக்காய் எண்ணெய் பூசி, சிசுவை அதன்மேல் கிடத்தி, வாயை மூடிக்கொண்டு தேனீயைப் போல ரீங்காரம் செய்ய வேண்டும். அரை மணி நேரம்! இதுவே தேனீ முறை!'

சுதர்ஷனுக்குக் காது இரண்டும் சூடாகின.

தேனீ.

நாலு வருடத்துக்கு முன் தோட்டத்துக்கு ஒரு வெளிநாட்டு ஜோடி வந்தது. பெண்ணுக்கு ஏழு மாதம். புருஷன் தென்னை உயரத்துக்கு இருந்தான். கண்ணில் மட்டும் பள்ளிக்கூடத்து முதல் நாள் பயம். சாதிக்காய் மரத்தடியில் நின்று அவன் கேட்டான்: பிள்ளைக்கு அம்மாவை உள்ளே இருக்கும்போதே தெரியும், அப்பாவை எப்படித் தெரியும்? உங்கள் ஊரில் பழைய காலத்து அப்பாமார் என்ன செய்வார்கள்? போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே கேட்டான்.

அந்தக் கேள்வியை சுதர்ஷனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் ஊர் அப்பாமார் குவைத்தில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சாதிக்காய் எண்ணெய் வேறு அந்த மாதம் விற்பனையாகாமல் கிடந்தது. வாயைத் திறந்தான், வந்தது. சட்டையைக் கழற்ற வேண்டும், நெஞ்சில் கிடத்த வேண்டும்... ஒரு தேனீ அந்த நேரம் பார்த்து அவன் மூக்கைச் சுற்றியது. தேனீ மாதிரி முரல வேண்டும் என்று அதையும் சேர்த்துக்கொண்டான். அரை மணித்தியாலம் என்பது அடுத்த குழு வர இருந்த நேரம். அந்த உயரமான மனிதன் அழுதுவிட்டான். மூன்று போத்தல் வாங்கினான். சுதர்ஷனுக்கு மனச்சாட்சி உறுத்தியது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும்.

அந்தப் பொய் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போய், யார் யார் வீட்டில் தங்கி, யாரிடம் தாடி வாங்கி ஒட்டிக்கொண்டு, இப்போது மாமியாரின் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது! பயமாக இருந்தது. அதிசயமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையைத் தெரியாத அவனுக்குப் பெற்ற பொய்யைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"அத்தை, இதெல்லாம் சும்மா. யாரோ வேலை இல்லாதவன் கட்டிவிட்ட கத."

"உங்களுக்கு என்ன தெரியும் மாப்புள? ரெண்டாயிரம் வருஷம்!"

"ரெண்டாயிரம் எல்லாம் இல்ல..."

"அப்ப எத்தனன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்."

நாலு என்று சொல்ல வாய் வரவில்லை.

"நாலு நாளா புள்ளையத் தொடாம சுத்துறீங்க," என்றார் கிருஷ்ணம்மா. குரல் இறங்கியிருந்தது. "உங்க மாமாதான் அந்தக் காலத்து ஆள். நீங்க படிச்சவரு. புள்ள உங்களுக்குப் புடிக்கலையோன்னு இவ பொழுதன்னைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டு படுத்திருக்கா. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

"அம்மா!" என்றாள் சுபாஷினி.

வெளியே ஒரு லொறி மேட்டில் ஏற முடியாமல் உறுமியது.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. "நாளைக்கு மிட்வைப் மிஸ் வருவாங்கல்ல. அவங்க சரின்னா செய்றேன்," என்றான். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு மருத்துவிச்சி, சித்தர், தேனீ, சாதிக்காய் என்பதையெல்லாம் கேட்டால் ஏசிவிட்டுப் போவாள் என்ற நம்பிக்கை.

மறுநாள் காலை ரஜிதா மிஸ் ஸ்கூட்டியில் வந்தார். தொப்புளைப் பார்த்தார், நிறையைப் பார்த்தார், சுபாஷினியிடம் பத்துக் கேள்வி கேட்டார், கொப்பியில் எழுதினார். கிருஷ்ணம்மா வீடியோவைப் போட்டுக் காட்டினார். மிஸ் கடைசி வரை பார்த்தார். சுதர்ஷன் ஏச்சுக்காக ஆவலோடு காத்திருந்தான்.

"எண்ணெய் வேணாம்," என்றார். "எந்த எண்ணெயும் பூசக் கூடாது. தோல் எரியும்."

"பாத்தீங்களா அத்தை!"

"சித்தரையும் எனக்குத் தெரியாது. ஆனா நெஞ்சுல போடுறது நல்லதுதானே. நாங்களே சொல்லிக் குடுக்குறதுதான். அம்மாவுக்கு மட்டும் இல்ல, அப்பாவும் போடலாம். நெறை கொறைஞ்ச புள்ளைங்கள ஆஸ்பத்திரியில அப்படித்தான் வச்சிருப்பாங்க. புள்ளைக்குச் சூடு நிக்கும், மூச்சு சீராகும்." மிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எங்க, கழுவிட்டு வாங்க. சென்ட் அடிச்சிருக்கீங்களா? நல்லா சோப் போடுங்க."

சுதர்ஷனுக்குத் தலை சுற்றியது. மூன்று போத்தலை விற்பதற்காக வாய்க்கு வந்ததை உளறினவன் அவன். அந்த உளறலுக்குள் ஓர் உண்மை எப்போது ஏறி உட்கார்ந்தது? டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆள் கடைசியில் டிரைவராக இருந்த மாதிரி.

கழுவிக்கொண்டு வந்தான். சாரத்தோடு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான். வயிறு இரண்டு மடிப்பாக விழுந்தது. சித்தர் யாரும் இப்படி இருந்திருக்க மாட்டார்கள். ரஜிதா மிஸ் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, நப்பியோடு தூக்கி, ஒரு தவளையை வைப்பது போல அவன் நெஞ்சில் வைத்தார். தலையை ஒரு பக்கம் திருப்பிவிட்டார்.

"மூக்கு எப்பவும் வெளிய தெரியணும். தலைக்குக் கீழ ஒரு கை, பின்னால ஒரு கை. நீங்க மட்டும் தூங்கக் கூடாது. அவ்வளவுதான்." ஒரு துணியால் இருவரையும் சேர்த்து மூடிவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கிருஷ்ணம்மா, "அரை மணித்தியாலம் மாப்புள. முரலுங்க," என்று போனில் நேரத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

முதலில் அவன் மூச்சே விடவில்லை. விட்டால் பிள்ளை மேலே போகும், இழுத்தால் கீழே வரும் என்று தெரிந்ததும் இன்னும் பயம். மூன்று கிலோ கூட இல்லை. தோட்டத்தில் அவன் தினமும் தூக்கும் மிளகுச் சாக்கின் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இந்தப் பாரம் கீழே அழுத்தவில்லை, உள்ளே போனது. வயிறு அவன் விலா எலும்பில், காது அவன் இதயத்தின் மேல். ஒரு காலை மடக்கி, இன்னொரு காலால் அவன் தொப்புளுக்கு மேலே ஒரு உதை. ஒன்பது மாதம் சுபாஷினி 'இங்க பாருங்க, உதைக்குது' என்று கையை எடுத்து வைத்த போதெல்லாம், தோலுக்கு அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அந்த ஆள்தான் இது. தட்டிய ஆள் உள்ளே வந்தாயிற்று.

பிள்ளை முனகியது. அழப் போகிறது என்று நினைத்து, வேறு வழி தெரியாமல், முரன்றான். ம்ம்ம்ம்ம். வெட்கமாக இருந்தது. ம்ம்ம்ம்ம்ம். முனகல் நின்றது. அவன் நிறுத்தினான். பிள்ளை முகத்தைச் சுளித்தது. மறுபடி முரன்றான். சுளிப்பு ஒவ்வொரு கோடாகக் கலைந்தது, நெற்றியில் இருந்து மூக்கு வரை, மூக்கிலிருந்து வாய் வரை. அவன் குரல் அவன் எலும்பில் ஓடி, அவள் எலும்பில் ஏறி, இரண்டு பேருக்கும் நடுவில் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நின்றது.

குனிந்து பார்த்தான். உச்சந்தலையில், மெல்லிய மயிருக்கு அடியில், ஒரு குழி துடித்துக்கொண்டிருந்தது. எலும்பு இன்னும் மூடாத இடம். டுப், டுப், டுப். உயிர் என்று வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்த இடத்தை மூடாமல் விட்டு, ஒரு முரட்டு மனிதனின் தாடைக்கு நாலு அங்குலம் கீழே கொண்டுவந்து வைத்து, 'பாத்துக்கொள்' என்று யாரோ நம்பிப் போயிருக்கிறார்கள். அவனை நம்பி! கைட் சுதர்ஷனை நம்பி!

மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். மூக்கை வைத்துப் பிழைக்கிறவன் அவன். கண்ணைக் கட்டிவிட்டால் ஏலத்தில் மூன்று ரகம் சொல்வான். இந்த வாசனை பால் இல்லை, சோப் இல்லை, புது மழை இல்லை, வெந்த அரிசி இல்லை. பத்து வருடமாக எந்த வாசனைக்கும் ஒரு வசனம் வைத்திருந்தவனிடம் ஒரு சொல்லும் இல்லை. வாயை மூடிக்கொண்டு முரன்றுகொண்டே இருந்தான்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. கருநீலமாக, அடி தெரியாத ஒரு பார்வை. அவனைப் பார்த்ததா, அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்ததா, தெரியாது. அவசரப்படாமல் பார்த்தது. பிறகு ஒரு கையை விரித்து, அவன் நெஞ்சு மயிரில் நாலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடதில் மட்டுமல்ல, இரண்டிலும். வலிதான் காரணம் என்று அவன் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான்.

"சுபா," என்றான் மெதுவாக.

சுபாஷினி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீடியோவுல சொல்றது... நான் கட்டின கத. நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு வெள்ளக்காரனுக்கு எண்ணெய் விக்கிறதுக்குச் சொன்னது. சித்தரும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் சித்தர்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தையல் வலிக்கும் என்று சிரிப்பை அடக்கினாள்; தோள் குலுங்கியது.

"இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில உங்கிட்ட இருந்து தூக்கினேன்ல. அப்ப எனக்கு ஒண்ணுமே வரல்ல சுபா. சும்மா நடிச்சேன்."

"தெரியும்."

"கோவமா?"

அவள் போர்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"எனக்கும் வரல்லைங்க," என்றாள். "பெத்துப் போட்ட உடனே தூக்கி என் மேல வச்சாங்க. எல்லா அம்மாவுக்கும் அந்த நேரம் வலியெல்லாம் மறந்து போகும்னு சொல்லுவாங்கல்ல. எனக்கு ஒண்ணும் மறக்கல. யாராச்சும் இத எடுத்துட்டுப் போயி, ஒரு கப் பிளேன் டீ தந்தா நல்லா இருக்கும்னுதான் நெனச்சேன். அத யாருகிட்ட சொல்றது? உங்க மூஞ்சியப் பாத்தா, நீங்களும் நடிக்கிறீங்க. ரெண்டு பேருக்குமே இவள வேணாம் போலன்னு, அதுதான் பயந்து போயிட்டேன்."

"இப்ப?"

"நேத்து ராத்திரி விக்கல் எடுத்தா. சின்னதா, எலி மாதிரி. அப்ப இருந்து சரியாயிட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேசாதீங்க. முரலுங்க. தூங்கப் போறா."

அப்போதுதான் கதவடியில் ஒரு நிழல். ராமநாதன். வாசற்படிக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார், எவ்வளவு கேட்டார், தெரியவில்லை. சுதர்ஷனின் நெஞ்சில் கிடந்ததைப் பார்த்தார். ஆம்பளைக் கைச்சூடு பட்டும் ஒன்றும் ஆகாமல் அது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"மாப்புள."

"சொல்லுங்க மாமா."

தொண்டையைச் செருமினார். பன்னிரண்டில் எத்தனை வார்த்தை மிச்சம் என்று கணக்குப் பார்ப்பவர் போல நின்றார்.

"அந்த முறை... தாத்தாமாருக்கும் இருக்கா?"

சுதர்ஷன் சுபாஷினியைப் பார்த்தான். அவள் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது நாள் தன்னைத் தொடாமல் வாசலில் உட்கார்ந்திருந்த மனிதரை.

"இருக்கு மாமா," என்றான் சுதர்ஷன். "தாத்தாவுக்குத்தான் முக்கியமாச் சொல்லியிருக்கு."

ராமநாதன் போய், சோப் போட்டுக் கழுவிவிட்டு, நெஞ்சைத் துடைத்துக்கொண்டே வந்தார். அறுபத்தெட்டு வயது நெஞ்சு, நரைத்த மயிர், பழைய சேர்ட்டின் கழுத்து வரைக்கும் கறுப்பு, அதற்குக் கீழே வெயில் படாத வெளுப்பு. மற்றக் கதிரையில் விறைப்பாக உட்கார்ந்தார். சுதர்ஷன் பிள்ளையின் தலையைத் தாங்கி, மெதுவாகப் பிரித்தெடுத்து, அந்த வெளுப்பின் மேல் கிடத்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, துணியால் மூடினான். கிழவரின் இரண்டு கையும் காற்றில் நின்றன. பிறகு இறங்கின. வாயை மூடிக்கொண்டு அவர் எழுப்பிய சத்தத்தில் தேனீ எதுவும் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு கூட்ஸ் ரயில் வந்துகொண்டிருந்தது. பிள்ளை அசைந்து, இடம் பார்த்து, அதன் மேல் உறங்கிப்போனது. ராமநாதன் தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்தார். முகட்டில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. காதோரம் நனைந்துகொண்டே போனது.

அந்தக் காட்சியைப் பார்த்து சுதர்ஷன் உருகியிருக்க வேண்டும். உருக நேரம் கிடைக்கவில்லை. அவன் நெஞ்சில் ஓர் இடம் குளிர்ந்தது. இடது பக்கம், எச்சில் பட்டு ஈரமாக, உள்ளங்கை அகலத்துக்கு. பேன் காற்று அந்த இடத்தை மட்டும் தேடி வந்து அடித்தது. கையால் மூடிப் பார்த்தான். போகவில்லை. சேர்ட்டை எடுத்துப் போட்டான். அதற்கும் போகவில்லை. குளிர் தோலில் இல்லை, அதற்கு உள்ளே இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை. இப்போது அங்கே ஒன்று இல்லாமல் இருந்தது.

ஓரடி கிட்டப் போனான். "மாமா, கை வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா சொல்லுங்க. எடுக்குறேன்."

"ம்ம்ம்ம்," என்று கூட்ஸ் ரயில் போய்க்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து கிருஷ்ணம்மா வந்தார். புருஷனைப் பார்த்தார். நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த அந்த மனிதரை அப்போதுதான் யாரோ அறிமுகம் செய்துவைத்த மாதிரி நின்றார். போனை எடுத்து, நேரத்தைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து வைத்தார்.

"அத்தை, தாத்தாவுக்கு அஞ்சு நிமிஷம் போதும்," என்றான் சுதர்ஷன்.

"யார் சொன்னா? அரை மணித்தியாலம். வீடியோவுல தெளிவாச் சொல்றாங்கல்ல."

கட்டிலில் சுபாஷினி தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தையலையும் மீறிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சுதர்ஷன் மாமனாரின் கதிரைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான். துணிக்கு வெளியே ஒரு கால் நழுவித் தொங்கியது. அவன் கட்டை விரல் நீளம் கூட இல்லாத பாதம். அடியில், இன்னும் எந்த மண்ணும் மிதிக்காத சுருக்கங்கள். ஒரு விரலை மெதுவாக அந்த உள்ளங்காலில் வைத்தான். ஐந்து குட்டி விரல்களும் ஒன்றாக மடங்கி அவன் விரலைக் கவ்விப் பிடித்துக்கொண்டன.

"எவ்வளவு ஆச்சு அத்தை?"

"மூணு நிமிஷம்."